லார்க்ஸ்பர் தெருவில் சத்தம் போடக்கூடாது

சனிக்கிழமை காலைகளில் நான் பனியனோடு என் வீட்டு வாசற்படியில் நின்று தெருவை முறைக்க வேண்டும். இது என் சொந்த ஆசை இல்லை. நகர மன்றம் போட்ட தீர்மானம். சுற்றுலாப் பேருந்து வந்து நிற்கும், வழிகாட்டிப் பெண் என்னைக் கையால் காட்டுவாள், உள்ளே இருப்பவர்கள் 'ஊ' என்று கத்துவார்கள். நான் இன்னும் கொஞ்சம் முறைப்பேன். பிறகு எல்லோரும் எதிர்ப்பக்கம் திரும்பி, கிளென் பாவ்லிக் வீட்டுக் கார் ஷெட்டைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள்.

எங்கள் ஊர் கார்ன்வாலிஸ் ஹைட்ஸ். ஒஹாயோவில் கிளீவ்லாந்து நகரத்துக்கு வெளியே, ஒரே அச்சில் வார்த்த வீடுகளும் ஒரே உயரத்துக்கு வெட்டிய புல்லுமாக இருக்கிற இடம். எண்பதுகளில் எதிர்வீட்டு ஷெட்டில் டானி வோலாக் என்ற பையன் மூன்று நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கிட்டார் வாசித்தான். வாசித்தான் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். என் அப்பா அப்போது எஃகு ஆலையில் இரவு ஷிஃப்ட். பகலில்தான் தூங்க முடியும். ஒரு ஜூலை மதியம் பொறுக்க முடியாமல் எழுந்துபோய் ஷெட் கதவைத் தட்டினார். டானி சிரித்தான். அப்பா போலீசைக் கூப்பிட்டார். போலீஸ்காரர் வந்து சத்தத்துக்கு ஒரு அபராதச் சீட்டு எழுதிக் கொடுத்தார். நடந்தது அவ்வளவுதான்.

டானி கலிஃபோர்னியாவுக்குப் போய் அதைப் பாட்டாக்கினான். 'ஆகஸ்ட் முடியாத தெரு' என்று பெயர். நாடு முழுக்க ஓடியது. அதன் மூன்றாவது சரணத்தில் 'கதவைத் தட்டிய கிழவன்' ஒருத்தன் வருகிறான், இளமையின் எதிரி. என் அப்பாவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பிறகு அந்தப் பாட்டையே படமாக எடுத்தார்கள். படத்தில் அப்பாவுக்குப் பெரிய மீசை, தொப்பை, போதாததற்கு அவர் ஒரு நாயை உதைக்கிறார். அப்பாவுக்கு மீசையே கிடையாது. எங்கள் வீட்டு நாய்க்குத் தன் தட்டிலிருந்து சாசேஜை வெட்டிப் போட்டு அம்மாவிடம் திட்டு வாங்கிய மனுஷன் அவர்.

படத்தை எடுத்தது இங்கே இல்லை, கலிஃபோர்னியாவில். அதனால் அந்தத் தெருவில் பனைமரம் இருக்கும், தெருக்கோடியில் ஊதா நிறத்தில் மலை தெரியும். எங்கள் ஊரில் உயரமான இடம் என்று பார்த்தால் நெடுஞ்சாலைப் பாலம்தான்.

இதெல்லாம் பழைய கதையாகவே போயிருக்கும். ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கெல்லாம் முடி நரைத்து, கையில் ஓட்டும் பதவியும் வந்து சேர்ந்தது. ஊரில் 'புறநகர் இளமை நினைவுப் பாதுகாப்பு வாரியம்' பிறந்தது. தலைவி திருமதி கான்ஸ்டன்ஸ் ஹைடெக்கர். அவர் படித்ததெல்லாம் கனெக்டிகட்டில், குதிரை வைத்திருக்கிற விடுதிப் பள்ளியில். புறநகரத்தையே நாற்பது வயதுக்கு மேல்தான் பார்த்திருக்கிறார். யாரோ இதைக் கூட்டத்தில் கேட்டும்விட்டார்கள். அவர் அசரவில்லை.

"அனுபவிச்சவங்களுக்கு அதோட அருமை தெரியாதுங்க. எனக்கு அப்படி ஒரு இளமையே கெடையாது. அதனாலதான் அதைக் கலப்படம் இல்லாம ஞாபகம் வச்சிருக்கேன்" என்றார். கூட்டம் கைதட்டியது.

வாரியம் முதலில் கைவைத்தது மூலைக்கடையின் கார் நிறுத்துமிடத்தில். பாட்டில் பையன்கள் அங்கேதான் கார்மேல் சாய்ந்துகொண்டு சும்மா நிற்பார்கள். இப்போதும் பையன்கள் அங்கே சும்மாதான் நின்றுகொண்டிருந்தார்கள். சும்மா நிற்பதன் வரலாற்றுச் சிறப்பை அவர்கள் கெடுக்கிறார்கள் என்று சொல்லி விரட்டிவிட்டு, வாரியம் அங்கீகாரம் பெற்ற தொண்டர்களை நிறுத்தியது. ஒரு பல் டாக்டர், இரண்டு வீட்டுத் தரகர்கள், ஓய்வுபெற்ற பள்ளி முதல்வர் ஒருவர். எல்லோருக்கும் ஜீன்ஸ் ஜாக்கெட். எப்படிச் சாய வேண்டும், எத்தனை தடவை துப்ப வேண்டும் என்று வார இறுதியில் பயிற்சி. பல் டாக்டருக்கு முழங்கால் வலி என்பதால் அவருக்கு மட்டும் மடக்கு நாற்காலி. நிஜப் பையன் யாராவது அந்தப் பக்கம் வந்து நின்றால், சும்மா நின்ற குற்றத்துக்கு அபராதம். அப்பா இப்போது இல்லை, அதனால் கதவைத் தட்டிய கிழவனாக வாசற்படியில் நிற்க என்னைப் பிடித்தார்கள்.

அடுத்தது மலை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மலை எங்கே, மலை எங்கே என்று கேட்டார்கள். படத்தில் தப்பு என்று சொல்வதற்கு வாரியத்துக்கு மனசு வரவில்லை. ஊரில்தான் தப்பு என்று முடிவுகட்டி, தண்ணீர்த் தொட்டியின்மேல் ஊதா மலை ஒன்றை வரைந்தார்கள். லார்க்ஸ்பர் தெரு முழுக்கப் பனை நட்டார்கள். ஒஹாயோவின் ஜனவரி பனைமரத்தை என்ன செய்யும் என்று கேட்கக்கூட ஆள் இல்லை. குளிர் வந்ததும் ஒவ்வொரு மரத்துக்கும் மின்சாரப் போர்வை சுற்றி, அதன் ஒயரை வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டிலிருந்து இழுத்துக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தக் குளிர்காலத்தில் எங்கள் தெருவில் கதகதப்பாக இருந்தவை மரங்கள்தான்.

இந்த நிலைமையில்தான் கிளென் பாவ்லிக் மாட்டிக்கொண்டார். டானியின் அம்மா ஃப்ளோரிடாவுக்குப் போனபோது அந்த வீட்டை வாங்கியவர் அவர். மெத்தைக் கடை வைத்திருக்கிறார். அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொன்னால் போதும். கடைக்கு வருகிறவர்கள் மெத்தையைச் சோதிக்கப் படுத்து அப்படியே தூங்கிவிட்டால், அவர் எழுப்ப மாட்டார். விளக்கைக் குறைத்துவிட்டு, எழுந்திருக்கும் வரை காத்திருப்பார். வாழ்க்கையில் யாரையும் மறித்துப் பேசியதில்லை.

அவர் மகள் டெஸ். பதினாறு வயது. அவள் தோழி நவோமி டிரம் வாசிப்பாள். இரண்டே பேர் கொண்ட இசைக்குழு. பெயர் 'ஈர சாக்ஸ்'. நவோமியின் அப்பாவை வேலையில் அரிசோனாவுக்கு மாற்றிவிட்டார்கள். ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காலிசெய்கிறார்கள். ஆக, ஈர சாக்ஸ் உயிரோடு இருக்கப் போவது இந்த ஒரு கோடை. அவர்களிடம் சொந்தமாக ஒரே ஒரு பாட்டுதான் இருந்தது. அதை நாலு பேர் முன்னால் ஒரு தடவை முழுசாக வாசித்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் ஆசை.

ஜூன் மாதம் ஷெட்டுக்குள் டிரம்மைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டிலிருந்து முழுக்கக் கேட்டேன். பூனையை இரும்பு வாளியில் போட்டு மாடிப்படியில் உருட்டிவிட்டது போல இருந்தது. ஆனால் உள்ளே இரண்டு பேரும் சிரிக்கிற சத்தமும் கேட்டது.

அந்த வாரமே வாரியத்தின் ஆள் வந்து ஷெட் கதவில் ஒரு தகடு அடித்தார். வரலாற்றுச் சிறப்புமிக்க இசை ஷெட், இங்கே சத்தம் போடக்கூடாது.

கிளென் வாரிய அலுவலகத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன், முறைப்பதில் எனக்கு அனுபவம் இருப்பதால். அலுவலகச் சுவர் நடுவில், தனி விளக்குக்குக் கீழே, அப்பா கூப்பிட்ட போலீஸ்காரர் எழுதிய அந்தப் பழைய அபராதச் சீட்டு கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. புகார் கொடுத்தவர் சொன்னது என்ற இடத்தில் 'மனுஷன் தூங்க வேண்டாமா?' என்று எழுதியிருக்கும். வருகிறவர்கள் அதைப் படித்துச் சிரிப்பது வழக்கம். ஆலையில் ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வந்த ஒரு ஆள் கேட்ட கேள்வி அது. எனக்கு ஒருநாளும் அதில் சிரிப்பு வந்ததில்லை.

"எம் பொண்ணு கொஞ்ச நாள் வாசிக்கணும்னு ஆசைப்படுறா மேடம். ஆகஸ்டு வரைக்கும்தான்" என்றார் கிளென், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு.

திருமதி ஹைடெக்கர் கனிவாகத்தான் பேசினார். "மிஸ்டர் பாவ்லிக், அந்த ஷெட்டுல ஏன் வாசிக்கக் கூடாதுன்னா, அது வாசிச்ச ஷெட்டு. டானியோட மூல அதிர்வு இன்னும் அந்தச் சுவத்துல இருக்கு. அது மேல உங்க பொண்ணு புதுசா அதிர்வை ஏத்தினா, பழசு உதிர்ந்துடாதா?"

"சுவத்துல உதிர்றது பெயின்ட்டுதாங்க" என்றார் கிளென், தயங்கித் தயங்கி.

"அதையும் தொடாதீங்க" என்றார் திருமதி ஹைடெக்கர்.

மூல அதிர்வு இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிபுணர் வந்தார். டாக்டர்கள் வைத்திருக்கிற மாதிரி ஸ்டெதாஸ்கோப்பைச் சுவரில் வைத்து ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு தாழ்ந்த குரலில், கேட்கிறது, பாட்டின் இரண்டாவது சரணம், கொஞ்சம் மங்கல்தான் என்று அறிவித்தார். டெஸ் பக்கத்தில்தான் நின்றாள். அது சுவருக்குப் பின்னால் இருக்கிற வெந்நீர் பாய்லர் என்று சொன்னாள். நிபுணர் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம், குடியிருப்பவர்களின் பாய்லர் மூல அதிர்வில் குறுக்கிடுவதால் அதை அணைத்துவைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பாவ்லிக் குடும்பம் ஜூலை முழுக்க என் வீட்டில்தான் குளித்தது. கிளென் மனைவி லோரெய்ன் ஒவ்வொரு தடவையும் துண்டோடு தெருவைக் கடக்கும்போது சுற்றுலாப் பேருந்து படமெடுக்கும்.

இதற்கு நடுவே ஷெட்டையும் திருத்தினார்கள். நிஜமாக டானி பந்து போட்ட கூடைப்பந்து வளையம் கதவுக்கு வலப்பக்கம் இருந்தது. படத்தில் இடப்பக்கம். கழற்றி இடப்பக்கம் மாட்டினார்கள். டானியின் பந்து பட்டுப் பட்டுக் கதவில் விழுந்திருந்த சொட்டைகள் படத்தில் இல்லையே என்று தட்டி நிமிர்த்தினார்கள். நல்லவேளை, டானி அப்போது கலிஃபோர்னியாவில் இருந்தான். கையில் கிடைத்திருந்தால் அவனையும் திருத்தியிருப்பார்கள்.

கடைசியில் கிளென் நகர மன்றத்தின் பொதுக்கூட்டத்தில் பேசுவது என்று துணிந்தார். எங்கள் ஊரில் யாரும் எழுந்து பேசலாம். ஆளுக்கு மூன்று நிமிஷம். மேடையில் போக்குவரத்து விளக்கு மாதிரி ஒன்று இருக்கும். பச்சை எரிந்தால் பேசலாம், சிவப்பு வந்தால் உட்கார வேண்டும். பேசுவதற்கு முன்னால் பதிவுக்காகப் பெயரும் விலாசமும் சொல்ல வேண்டும். இந்த வழக்கத்தில் நாங்கள் கறாரானவர்கள். தீப்பிடித்தது என்று சொல்ல வருகிறவரும் முதலில் வீட்டு நம்பரைச் சொல்லியாக வேண்டும்.

கிளென் பேச்சை எழுதி, மெத்தைகளுக்கு முன்னால் நின்று ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தார். பச்சை எரிந்தது. பெயர் சொன்னார். பதினாலு, லார்க்ஸ்பர் தெரு என்றார்.

பதினாலு என்று ஒரு வீடு பதிவில் இல்லை என்றார் எழுத்தர். படத்தில் அந்த வீட்டின் நம்பர் நாற்பத்தொன்று. அதனால் வாரியம் போன வாரம் தெருவுக்கே நம்பர் மாற்றிவிட்டதாம். சரி, நாற்பத்தொன்று என்றார் கிளென். நாற்பத்தொன்று நினைவுச் சின்னம், அதில் யாரும் குடியிருப்பதாகப் பதிவில்லை என்றார் எழுத்தர். தபால் எல்லாம் பதினாலுக்குத்தான் வருகிறது என்றார் கிளென். அப்படியானால் தபால் துறையிடம் முறையிடலாம் என்றார் எழுத்தர். நான் ராத்திரி எங்கேதான் தூங்குகிறேன் என்று கிளென் கேட்டார், சத்தியமாகத் தெரியாதவர் போல. சிவப்பு எரிந்தது.

கூட்டத்திலிருந்து காரில் திரும்பும்போது பின்சீட்டில் டெஸ்ஸும் நவோமியும் இருந்தார்கள், முன்சீட்டில் நான். எங்கள் தெரு முனை வந்ததும் கிளென் வண்டியை ஓரம் கட்டினார்.

"மூணு நிமிஷம் குடுத்தாங்க. என் வீட்டு நம்பரைக்கூட என்னால சொல்ல முடியலம்மா" என்றார்.

"விடுப்பா. நம்ம பாட்டும் மூணு நிமிஷம்தான். அதுலயும் ஒண்ணும் புரியாது" என்றாள் டெஸ். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதை நான் கண்ணாடியில் பார்த்தேன். நவோமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மடியில் விரலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை பெரிய விழா என்று வாரியம் அறிவித்தது. டானி வோலாக்கே வருகிறார். ஷெட்டுக்கு முன்னால் படத்தின் கடைசிக் காட்சியை நடித்துக் காட்டப் போகிறார்கள். அந்தக் காட்சியில் பையன்கள் வாசிப்பார்கள், கிழவன் வந்து கதவைத் தட்டுவான், போலீஸ் வரும், அப்போது தெருவே திரண்டு வந்து 'வாசிக்க விடு, வாசிக்க விடு' என்று கோஷம் போடும், போலீஸ் தலைகுனிந்து போய்விடும். நிஜத்தில் அன்றைக்குத் தெருவில் யாரும் வெளியே வரவில்லை. பாதிப்பேர் அப்பாவுக்கு நன்றி சொன்னார்கள்.

கிழவன் வேஷம் எனக்கு. மீசை வாரியமே கொடுத்தது.

திருமதி ஹைடெக்கர் டெஸ்ஸையும் மறக்கவில்லை. வீடு தேடி வந்து ஒரு வாய்ப்புத் தந்தார். படத்தில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி சைக்கிளில் உட்கார்ந்து பையன்கள் வாசிப்பதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த வேஷம் டெஸ்ஸுக்கு.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள் டெஸ்.

"பார்க்கணும். அவ்ளோதான். கண்ணுல லேசா ஏக்கம் இருந்தா நல்லது."

"அது இருக்கு மேடம்" என்றாள் டெஸ்.

அன்று மாலை இரண்டு பெண்களும் என் வீட்டுக்கு வந்தார்கள். குளிக்க என்று நினைத்துத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் என் ஷெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் வீட்டுக்கும் ஷெட் உண்டு. அப்பாவின் புல்வெட்டும் இயந்திரமும் பழைய பெயின்ட் டப்பாக்களும் கிடக்கிற இடம். வில்லன் வீட்டு ஷெட் என்பதால் வாரியம் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அதில் தகடு இல்லை, மூல அதிர்வு இல்லை. நான் எதுவும் கேட்காமல் சாவியைக் கொடுத்தேன். அப்பா இருந்திருந்தால் திட்டியிருப்பார். பிறகு, ராத்திரி ஷிஃப்டுக்கு நான் போன பிறகு என்றால் பரவாயில்லை என்றிருப்பார். அவர் கேட்டது தூக்கம் மட்டும்தான், யாருடைய இளமையையும் இல்லை.

விழா நாள். வெயில் கொளுத்தியது. பனைகளில் பாதி செத்திருந்ததால் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பல் டாக்டர் தலைமையில் அங்கீகாரம் பெற்றவர்கள் வேலியில் சாய்ந்து நின்றார்கள். கறுப்புக் காரிலிருந்து டானி இறங்கினான். கோடையிலும் கழுத்தில் மஃப்ளர், மை பூசிய தலை. தெருவைச் சுற்றிப் பார்த்தான். பார்வை தண்ணீர்த் தொட்டியில் போய் நின்றது. கண் கலங்கிவிட்டது.

"அந்த மலை" என்றான் மைக்கில். "சின்ன வயசுல தெனமும் காலையில எழுந்ததும் அந்த மலையைத்தான் பார்ப்பேன்."

கூட்டத்தில் பல பேர் அழுதார்கள். அவர்களுக்கும் அந்த மலை ஞாபகம் இருந்தது.

காட்சி தொடங்கியது. நினைவு ஷெட்டில் முப்பது தாண்டிய நாலு நடிகர்கள் பையன்களாக நின்று கிட்டாரைத் தொடாமல் வாசித்தார்கள். சத்தம் போடக்கூடாது அல்லவா. பாட்டைக்கூட ஒலிபெருக்கியில் மெதுவாகத்தான் வைத்தார்கள். நான் மீசையோடு தெருவைக் கடந்துபோய்க் கதவைத் தட்டினேன். மூவாயிரம் பேர் 'ஊ' என்றார்கள். நடிகர் போலீஸ் வந்தார். கூட்டம் முஷ்டியை உயர்த்திக்கொண்டு, வாசிக்க விடு, வாசிக்க விடு என்று கத்தியது. நடிகர் போலீஸ் தலைகுனிந்து போனார். எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அந்தக் கோஷம் அடங்கி, டானி பேச எழுந்தபோதுதான் என் ஷெட்டின் கதவு மேலே போனது.

முதலில் நவோமியின் டிரம். பிறகு டெஸ்ஸின் கிட்டார், ஒலிபெருக்கிப் பெட்டி முழுச் சத்தத்தில். இரண்டு மாதம் வாசிக்காமல் அடைத்துவைத்த சத்தம் அது. சுருதி சேரவில்லை. தாளம் ஓடியது, கிட்டார் பின்னால் ஓடியது. ஆனால் டெஸ் பாடினாள் பாருங்கள். கண்ணில் ஏக்கம் கீக்கம் ஒன்றும் இல்லை.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பல பேர் முகம் சுளித்தார்கள். குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஒருவர் அதன் காதைப் பொத்தினார். டானி மைக்கில், அந்தக் காலத்துச் சத்தம், அந்த அடங்காத சத்தம் என்று ஆரம்பித்து, இரண்டு தடவை நிறுத்தி, மூன்றாவது தடவை மேடையோரம் நின்ற நிஜப் போலீஸ்காரரைக் கூப்பிட்டான்.

"யாராவது போய் அதை நிறுத்துங்கப்பா. மனுஷன் பேச வேண்டாமா?"

மைக் போட்டபடிதான் இருந்தது. தெரு முழுக்கக் கேட்டது. என் உதட்டுமேல் மீசை அரித்தது. பிய்த்து எறிந்தேன்.

நிஜப் போலீஸ்காரர் டுவோரக் நல்ல பையன். சட்டப்படி புகார் கொடுப்பவரின் பெயர் வேண்டும் என்று டானியிடம் கேட்டு எழுதிக்கொண்டு, என் ஷெட்டை நோக்கி நடந்தார். இதுவும் காட்சியின் பகுதிதான் என்று நினைத்துக் கூட்டம் அவருக்குக் கைதட்டியது.

ஷெட் வாசலில் கிளென் பாவ்லிக் குறுக்கே நின்றார். தூங்குகிறவரைக்கூட எழுப்பாத கிளென்.

"சார், கொஞ்சம் வழி விடுங்க. நான் உள்ள போகணும்."

"போலாம்" என்றார் கிளென். "மொதல்ல பதிவுக்காக உங்க பேரும் விலாசமும் சொல்லுங்க."

டுவோரக் சொன்னார். அந்த விலாசம் பழைய நம்பரா புது நம்பரா என்று கேட்டார் கிளென். தெரியவில்லை என்றார் டுவோரக். அப்படியானால் அந்த வீட்டில் அவர் குடியிருப்பதாகப் பதிவு இருக்கிறதா என்று கேட்டார் கிளென். டுவோரக் யோசித்தார். வீடு தன் அம்மா பெயரில் இருக்கிறது என்றார். அம்மாவின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார் கிளென். அதற்குள் தபால் எந்த நம்பருக்கு வருகிறது என்ற விஷயமும் வந்தது. கிளென் குரலை உயர்த்தவே இல்லை. ரொம்ப மரியாதையாக, மெத்தையின் கனத்தை விளக்குகிற மாதிரியே கேட்டுக்கொண்டு போனார். டுவோரக் ஒரு கட்டத்தில் பேனாவை மூடிவிட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்த பாட்டைக் கேட்க ஆரம்பித்தார்.

நவோமி கடைசி அடி அடித்தாள். குச்சி ஒன்று உடைந்து பறந்து வந்து என் பெயின்ட் டப்பாவில் விழுந்தது. பாட்டு முடிந்தது, முழுசாக. கிளென் ஒதுங்கி வழிவிட்டார்.

டுவோரக் சீட்டு எழுதிக் கொடுத்தார். இரண்டு பெண்களும் வியர்த்து ஊற்ற, ஒரே சீட்டை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு படித்தார்கள். புகார் கொடுத்தவர்: டானி வோலாக். சொன்னது: மனுஷன் பேச வேண்டாமா?

மறுநாள் காலையில் நவோமி போய்விட்டாள். கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பின்ஜன்னலில் ஒற்றைக் குச்சி ஆடிக்கொண்டே இருந்தது. டெஸ் நடுத்தெருவில் நின்று அழுதாள், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று. நானும் அழுதேன்.

அடுத்த வாரம் திருமதி ஹைடெக்கர் வந்தார். அந்தச் சீட்டை வாரியத்திடம் ஒப்படைத்துவிட வேண்டுமாம்.

"கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டவா மேடம்?" என்று கேட்டார் கிளென்.

"இல்ல, கிழிக்க. அந்த மாதிரி ஒரு காட்சி படத்துலயே இல்லையே. ஜனங்களோட ஞாபகம் குழம்பிடும்."

டெஸ் என் ஷெட்டுக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள். "நாப்பது வருஷம் கழிச்சு வாங்க மேடம். அப்ப குடுக்குறேன்" என்றாள். ஷெட் கதவு கீழே இறங்கியது. உள்ளே கிட்டாரின் ஒலிபெருக்கி உறுமியது.

நான் இப்போதும் சனிக்கிழமை காலைகளில் பனியனோடு நிற்கிறேன். தீர்மானம் இன்னும் அமலில்தான் இருக்கிறது. போன வாரம் பேருந்திலிருந்து இறங்கிய ஒரு அம்மாள் கிட்டே வந்து, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பசங்க பாட்டை நிறுத்தச் சொன்ன ஆளு நீங்கதானா?"

"இல்லம்மா" என்றேன். "அவரு கலிஃபோர்னியாவுக்குத் திரும்பிப் போயிட்டாரு."